கருப்பட்டி குடித்த சிமெண்ட்

பாலக்காட்டு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “வாசலுக்கு ரெண்டு சிமெண்ட் பூந்தொட்டி செஞ்சேனுங்க. பெரிய பக்கெட்டுக்குள்ள சின்ன பக்கெட்ட வெச்சு, நடுவுல கலவையக் கொட்டுனேன். உறுதியா இருக்கட்டும்னு எங்க அம்மாயி சொன்னபடி ஒண்ணுல மட்டும் கருப்பட்டித் தண்ணி சேர்த்தேன். சேர்க்காதது மறுநாளே கல்லாயிடுச்சு. சேர்த்தது மூணு நாளாகியும் நகத்துல கீறுனா உதிருது. கண்ணு பட்டிருச்சுன்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க. நெசமாலுமே என்னங்க காரணம்?”

கண் பட்டிருந்தால் இரண்டு தொட்டியிலும் அல்லவா பட்டிருக்க வேண்டும்? ஒரே மூட்டை, ஒரே மணல், ஒரே கை. ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதையெல்லாம் அப்படியே வைத்திருக்கிறார். ஆய்வுக்கூடத்தில் இதைத்தான் சோதனை என்பார்கள். அம்மணி அதைத் திண்ணையிலேயே செய்து முடித்துவிட்டார். குற்றவாளி கருப்பட்டிதான். ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்பது, திருஷ்டிப் பூசணிக்காயைவிடச் சுவாரசியமான கதை.

முதலில் ஒரு பழைய தவறான எண்ணத்தைக் கழற்றிவிடுவோம். சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை. களிமண் காயும், சாணம் காயும். சிமெண்ட் தண்ணீரைத் தின்றுதான் கல்லாகிறது. கலவையைத் தண்ணீருக்கடியில் வைத்தாலும் இறுகும். ஆற்றுப் பாலங்கள் பலவற்றின் அடித்தளம் அப்படி இறுகியதுதான். முழுமையாக வினைபுரிய, சிமெண்ட் தன் எடையில் சுமார் கால் பங்குத் தண்ணீரை வேதிமுறையில் தனக்குள் கட்டிக்கொள்கிறது.

சிமெண்ட் எப்படி உருவாகிறது என்பது பள்ளிப் பாடம், வேகமாகக் கடந்துவிடலாம். சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் அரைத்து, ஏறக்குறைய 1450 டிகிரி செல்சியஸில் சுட்டு, கிடைக்கும் உருண்டைகளைக் கொஞ்சம் ஜிப்சத்தோடு மறுபடி அரைத்தால் சிமெண்ட். பாலக்காட்டுக் கணவாயின் வாயிலிலேயே சுண்ணாம்புக் கல் கிடப்பதால்தான் இந்தப் பக்கம் மதுக்கரையிலும் அந்தப் பக்கம் வாளையாறிலும் ஆலைகள் வந்தன. மதுக்கரை ஆலை 1930-களைச் சேர்ந்தது. இந்தப் பொடியில் பாதிக்கு மேல் ட்ரைகால்சியம் சிலிகேட் என்ற கனிமம். நம் கதாநாயகன் அவன்.

இனி மெதுவாகப் போவோம். தண்ணீர் ஊற்றியதும் முதல் சில நிமிடங்களில் கலவை சூடாகிறது. பொடியின் மேற்பரப்பு அவசரமாகக் கரைகிறது. பிறகு திடீரென்று எல்லாம் அடங்கிவிடும். இரண்டு, மூன்று மணி நேரத்துக்குச் சூடும் இல்லை, இறுக்கமும் இல்லை. கலவை பாட்டுக்குக் கொழகொழவென்று கிடக்கும். கொத்தனார் சாந்து பூசுவதும், லாரியில் கான்கிரீட் ஊர் கடந்து போவதும், நாம் பக்கெட்டில் தட்டித் தட்டிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுவதும் இந்த ஓய்வு நேரத்தின் தயவில்தான். அது இல்லாவிட்டால் சட்டியிலேயே கல்லாகிவிடும்.

ஏன் இந்த ஓய்வு? பல பத்தாண்டுகளாக வேதியியலாளர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் கேள்வி இது. இன்று பலரும் ஏற்கும் விளக்கம் இப்படிப் போகிறது. தண்ணீரில் கால்சியமும் சிலிகேட்டும் நிறையச் சேர்ந்ததும் கரைவது மந்தமாகிறது. கரைந்தவை கல்லாக மாற வேண்டுமென்றால், கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட் என்ற புதிய பொருளின் நுண்ணிய விதைகள் முதலில் தோன்ற வேண்டும். பாலுக்கு உறை மோர் மாதிரி. உறை விழும் வரை பால் பாலாகவே இருக்கும், விழுந்தபின் ஒன்று பத்தாகப் பெருகும். சிமெண்டிலும் அப்படியே: போதுமான விதைகள் உருவானதும் அவற்றின் மேல் மேலும் மேலும் படிந்து, ஒவ்வொரு துகளிலிருந்தும் ஊசிகளும் தகடுகளுமாக முளைத்து, பக்கத்துத் துகளின் ஊசிகளோடு பின்னிக்கொள்கின்றன. அந்தப் பின்னல்தான் இறுக்கம். கலவை மறுபடியும் சூடாவதும் அப்போதுதான். இது வெறும் ஊகமும் அல்ல. ஆய்வுக்கூடத்தில் தயாரித்த விதைகளைக் கலவையில் தூவினால் ஓய்வு நேரம் குறைந்துவிடுகிறது என்பதைச் செய்து பார்த்திருக்கிறார்கள்.

இப்போது கருப்பட்டிக்கு வருவோம். அதில் பெரும்பகுதி சுக்ரோஸ், நம் வீட்டுச் சர்க்கரைதான். சர்க்கரை மூலக்கூறுகள் அந்தப் பிஞ்சு விதைகளின் மேல் போய் ஒட்டிக்கொள்கின்றன. விதையின் மேல் அடுத்த அடுக்கு படிய இடமில்லை, விதை வளராது. பத்துக் கிலோ சிமெண்டுக்கு இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை போதும், இறுக்கம் வெகுநேரம் தள்ளிப்போகும். கூடினால் நாள் கணக்கில் போகும். உலகில் இத்தனை குறைந்த அளவில் இத்தனை பெரிய காரியத்தைக் கெடுக்கும் பொருட்கள் அதிகமில்லை! கான்கிரீட் லாரி வழியில் பழுதாகி நின்றால் உள்ளே சர்க்கரையைக் கொட்டும் பழக்கம் பல நாடுகளில் உண்டு. கலவை கல்லானால் லாரியின் டிரம்முக்குள் இறங்கி உடைத்துத்தான் எடுக்க வேண்டும். இறுகுவதைத் தள்ளிப்போட கம்பெனிகள் விற்கும் குளுக்கோனேட் கலவைகளும் சர்க்கரையின் உறவுக்காரர்கள்தாம்.

அப்படியென்றால் அம்மாயி சொன்னது பொய்யா? இல்லை. அவர் சொன்னது சுண்ணாம்புச் சாந்துக்கு. அந்தச் சாந்து இறுகும் வழியே வேறு. நீற்றிய சுண்ணாம்பு, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மாதக் கணக்கில், வருடக் கணக்கில் இழுத்துக்கொண்டு மறுபடி சுண்ணாம்புக் கல்லாகிறது. அங்கே வெல்லமும் கடுக்காயும் உதவுகின்றன. சர்க்கரை நீரில் சுண்ணாம்பு அதிகமாகக் கரையும், சாந்தும் பூச இலகுவாகும். பெயரில்லாத எத்தனையோ கொத்தனார்கள் கண்டுபிடித்த அறிவு அது. ஆனால் மூட்டையில் இருக்கும் பொருள் மாறிவிட்டது, செய்முறை மட்டும் மாறாமல் வந்துவிட்டது. திருஷ்டி என்று சொல்வதைவிட, “முன்னோர் செய்ததெல்லாம் எதற்கும் பொருந்தும்” என்று சொல்வதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. முன்னதைச் சிரித்துக் கடக்கலாம். பின்னதற்கு அறிவியல் வேடம் போட்டுவிடுகிறார்கள்.

அந்தத் தொட்டியை உடைத்துப் போட வேண்டாம். சர்க்கரை கொஞ்சமாக இருந்தால், ஒட்டிக்கொள்ள முடியாத அளவுக்குப் புது விதைகள் பெருகி, தாமதமானாலும் வினை தொடங்கிவிடும். பிறகு வருகிற வலிமை சில வேளை குறைவதே இல்லை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அது காற்று.

கொழிஞ்சாம்பாறை இருக்கும் சித்தூர்த் தாலுகாவில் உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கார்த்திகை பிறந்தால் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து விடாமல் ஒரு வறண்ட காற்று அடிக்கும். விருச்சிகக் காற்று என்பார்கள். துணி அரைமணியில் உலரும். திறந்துவைத்த தொட்டியிலிருந்து, சிமெண்ட் தின்ன வேண்டிய தண்ணீரை அந்தக் காற்று முதலில் தின்றுவிடும். வினை ஆரம்பிக்கும்போது தண்ணீர் இல்லாவிட்டால் அது அந்த இடத்திலேயே நின்றுபோகும். விரிசலும் மேற்பரப்பில் மாவு உதிர்வதும் அதன் விளைவு. எனவே பக்கெட்டிலிருந்து எடுக்காமல், ஈரச் சாக்கைப் போர்த்தி, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, நிழலில் வையுங்கள். நகம் இறங்காத நாள் வந்தபிறகு கழற்றலாம். சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த பி.பி.சி. வகைக்கு 10 நாள் ஈரம் வேண்டும், வெயிலும் வறட்சியும் உள்ள இடத்தில் இன்னும் கூட்ட வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரநிலை. கடையில் இப்போது கிடைப்பது பெரும்பாலும் பி.பி.சி.தான், மூட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அனல் மின் நிலையச் சாம்பல் சேர்ப்பது கலப்படமல்ல. சிமெண்ட் இறுகும்போது வெளியே தள்ளும் சுண்ணாம்பை அந்தச் சாம்பல் பிடித்துக் கூடுதல் பின்னலாக மாற்றுகிறது. நிலக்கரிச் சாம்பல் எக்காலமும் கிடைத்துக்கொண்டிருக்காது என்பதால், சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக் கல்லும் சேர்த்த எல்.சி.3 என்ற சிமெண்டை சுவிட்சர்லாந்து, கியூபா ஆய்வாளர்களோடு சேர்ந்து நம் ஐ.ஐ.டி.க்களும் உருவாக்கின. அந்த ஆய்வுக்கு முக்கியமான பணம் சுவிஸ் அரசிடமிருந்து வந்தது. உலகத்திலேயே சீனாவுக்கு அடுத்து அதிக சிமெண்ட் செய்யும் நாடு நாம். செலவை நாமே முன்னின்று ஏற்றிருக்க வேண்டாமா?

தொட்டி பெரிதென்றால் நடுவில் கோழிவலையைச் சுற்றிக்கொள்ளுங்கள். சிமெண்ட் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. இரும்பு இழுவையைத் தாங்கும். இரண்டையும் சேர்க்கும் இந்த யோசனைக்கு ஆரம்பத்தில் காப்புரிமை வாங்கியவர்களில் ஒருவர் பொறியாளர் அல்ல. ஜோசப் மோனியே என்ற பிரெஞ்சுத் தோட்டக்காரர், 1867-ல், செடித் தொட்டிகளுக்காகவே இரும்பு வலை வைத்த சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைய அடுக்குமாடிகளின் கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு அதுவும் ஒரு முன்னோடி.

இறுகிய தொட்டியில் உடனே செடி வைக்காதீர்கள். சிமெண்ட் வெளிவிடும் சுண்ணாம்பால் தொட்டிக்குள் நிற்கும் நீரின் காரத்தன்மை பி.எச். 12-ஐத் தாண்டும். (கலவையை வெறுங்கையால் பிசைந்தால் தோல் வெந்துபோவதும் இதனால்தான், கையுறை அவசியம்.) வெளிப்புறத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் பயப்பட வேண்டாம். அது கசிந்து வந்த சுண்ணாம்பு, காற்றோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட் ஆனது. அடித்துளையை அடைத்து, தொட்டி நிறையத் தண்ணீர் விட்டு, மூன்று நாளுக்கொரு முறை மாற்றி, இரண்டு மூன்று வாரம் கழுவுங்கள். காரமான மண்ணில் இரும்புச்சத்து கரையாது. இட்லிப்பூச் செடியை அவசரப்பட்டு வைத்தால் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். முதல் வருடம் அடினியமோ கள்ளியோ வையுங்கள். இட்லிப்பூவை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.