பசுமை இல்லமா, பசுமை வீடா?

'பசுமை இல்லங்கள் விற்பனைக்கு' என்ற அடுக்குமாடி விளம்பரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெருடுகிறது. கிரீன் ஹோம் என்பதைத்தான் அப்படித் தமிழாக்குகிறார்கள். ஆனால் 'பசுமை இல்லம்' என்ற சொல்லுக்கு நம் பாடநூல்களில் ஏற்கெனவே வேறு பொருள் இருக்கிறது: செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடம். வெயில் உள்ளே வரும், வெப்பம் எளிதில் வெளியேறாது. 'பசுமை இல்ல வாயு' என்ற சொல்லும் அதை வைத்துத்தான் வந்தது. வெப்பம் தங்காத வீட்டுக்கு, வெப்பத்தைப் பிடித்துவைக்கும் கூடத்தின் பெயரை வைக்கலாமா?

சரி, கிரீன் பில்டிங் என்றால் என்ன? கட்டும்போதும் குடியிருக்கும்போதும் மின்சாரம், தண்ணீர், கட்டுமானப் பொருள் எல்லாவற்றையும் குறைவாகச் செலவழிக்கும் கட்டடம். முன்வாசலில் புல்தரை போட்டுவிட்டால் அது பசுமைக் கட்டடம் ஆகிவிடாது. அமெரிக்காவில் 1993இல் இதற்கென ஒரு கவுன்சில் தொடங்கி, 'லீட்' என்ற தரச்சான்றைக் கொண்டுவந்தது. இந்தியப் பசுமைக் கட்டடக் கவுன்சில் 2001இல் வந்தது. ஐதராபாத்தில் 2004இல் அப்துல் கலாம் திறந்துவைத்த சொராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம், லீட்டின் மிக உயர்ந்த நிலையான பிளாட்டினம் சான்று பெற்ற கட்டடம். நம் நாட்டுக்கே உரிய இன்னொரு சான்றின் பெயர் 'கிருஹா'. கிரகப்பிரவேசத்தில் வரும் அதே கிருகம்தான்.

'எகோ ஃப்ரெண்ட்லி'யில் உள்ள எகோ, வீடு என்று பொருள்படும் 'ஒய்கோஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதைச் 'சுற்றுச்சூழல் நட்பு வீடு' என்று எழுதுவது தமிழாக ஒலிக்கவில்லை. 'சூழலுக்கு உகந்த வீடு' என்றால் போதும்.

பசுமை என்ற சொல்லைத்தான் நான் மிகவும் ரசிக்கிறேன். தமிழில் அது நிறம் மட்டுமல்ல. பச்சைப்பால் காய்ச்சாத பால், பசும்பொன் மாற்றுக் குறையாத பொன். 'பசுமட் கலத்துள் நீர்' என்று குறள் சொல்வது சுடாத மண்பானையை. செங்கல் சூளைக்குப் போய்ப் பாருங்கள்: சுடுவதற்கு முன் வெயிலில் காயும் கல்லைப் பச்சைக்கல் என்பார்கள். பச்சை நிறம் அதில் துளியும் இருக்காது. ஈரமான கல்லை விரலால் அழுத்தினால் தடம் பதியும். ஆரோவில்லில் மண்ணோடு ஏறக்குறைய 5 விழுக்காடு சிமென்ட் கலந்து, இயந்திரத்தில் அழுத்தி, சுடாமலேயே கல் செய்கிறார்கள். விறகும் இல்லை, நிலக்கரியும் இல்லை. சுடாதது, சூழலுக்கு உகந்தது என்று பசுமை என்ற சொல்லின் இரண்டு பொருளும் ஒரே கல்லில் வந்து சேர்வதை அங்கே பார்க்கலாம்.

ஆகவே பொதுச்சொல்லாகப் 'பசுமைக் கட்டடம்' மிகப் பொருத்தம். 'கட்டிடம்' என்றும் பலர் எழுதுகிறார்கள். அதைக் கட்டுவதற்கான இடம் என்று பிரித்துப் பார்க்கும் தமிழாசிரியர்கள், எழுப்பிய பிறகு கட்டடம் என்றே திருத்துவார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

குடியிருப்புக்கு 'பசுமை வீடு' என்று சொல்லலாம். தமிழக அரசு 2011இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தால் கிராமங்களில் இந்தச் சொல் ஏற்கெனவே புழங்குகிறது: 300 சதுர அடி வீடு, சூரிய மின்சாரத்தில் எரியும் 5 விளக்குகள். அந்த வீட்டில் குடியிருப்பவருக்கு இந்தச் சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை.