ஒலியுரு: ‘ஆப்ஜெக்ட்’ என்பதைப் ‘பொருள்’ ஆக்கலாமா?

ஒலியைச் சுற்றிலும் தலைக்கு மேலும் நகர்த்தவல்ல டால்பி அட்மாஸ் முறையில் ஒலி கலப்பதைப் பற்றித் தமிழில் எழுதப்படும் பயிற்சிக் குறிப்புகளில் ‘பொருள் சார்ந்த ஒலிக்கலவை’ என்ற தொடர் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. ‘ஆப்ஜெக்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் முதலில் நிற்கும் சொல்லை எடுத்து வைத்ததால் வந்த வினை இது. பாட்டின் பொருளை உணர்ந்து கலக்கச் சொல்கிறார்கள் என்று ஒரு மாணவர் இதைப் புரிந்துகொண்டால், அவரைக் குறை சொல்ல முடியாது.

ஒலிபெருக்கிக்குச் செல்லும் பாதைகளான சேனல்களின் எண்ணிக்கையால் பெயர் பெற்ற 5.1, 7.1 முறைகளில், இன்ன ஒலி இன்ன சேனலுக்கு என்று கலவையாளரே பிரித்துக் கொடுத்துவிடுவார். 2012இல் திரையரங்குகளுக்கு வந்த அட்மாஸில், ஓர் ஒலித்தடத்துடன் அது அறையின் நீள அகல உயரத்தில் எங்கே நிற்கிறது, எவ்வளவு பரந்திருக்கிறது என்ற குறிப்புகளும் சேர்ந்தே செல்கின்றன. எந்த ஒலிபெருக்கி எவ்வளவு ஒலிக்க வேண்டும் என்பதை அந்தந்த அரங்குக்கு ஏற்ப ரெண்டரர் என்னும் செயலி கணக்கிடுகிறது. தடமும் இடக்குறிப்பும் இணைந்த அந்த அலகுதான் ‘ஆப்ஜெக்ட்’. புரோ டூல்ஸ் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் இதற்கான செஷனை (வேலைக்கோப்பை) அமைப்பவர், நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளப்பது என்னும் மாதிரி வீதத்தைப் பெரும்பாலும் 48 கிலோஹெர்ட்ஸாக வைத்து, நொடிக்கு எத்தனை படச்சட்டம் என்னும் ஃபிரேம் வீதம் செஷனிலும் ரெண்டரரிலும் ஒன்றுபடுகிறதா என்று சரிபார்த்து, ரெண்டரருக்குள் செல்லும் 128 உள்ளீடுகளைப் பங்கிடுகிறார். வழக்கமாக முதல் 10 உள்ளீடுகள் 7.1.2 ‘பெட்’ என்னும் நிலையான சேனல் தொகுதிக்கும் மீதமுள்ள 118 ஆப்ஜெக்ட்டுகளுக்கும் போகும்.

‘ஆப்ஜெக்ட்’ லத்தீனிலிருந்து வந்த சொல். ‘முன்னே எறியப்பட்டது’ என்பது அதன் மூலக்கருத்து. கண்முன் கிடக்கும் எதையும் குறித்து, பின்னர் கணினித் துறையில் தரவும் அதன் பண்புகளும் சேர்ந்த அலகைக் குறித்தது. ஒலித்துறை இந்தக் கடைசிக் கருத்தோடுதான் நெருங்கி நிற்கிறது.

‘பொருள்’ என்பதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் வலுவான வாதமும் இங்கிருந்தே வருகிறது. நிரலாக்கத்தில் ‘பொருள்நோக்கு’ என்று ஏற்றுக்கொண்டுவிட்டோம், ஒலிக்கு மட்டும் ஏன் வேறு சொல் என்று கேட்கிறார்கள். நிரல் எழுதுபவருக்கு அந்தச் சொல் இடறாமல் இருப்பதற்குக் காரணம், அங்கே அதனோடு மோதும் வேறு பொருள் இல்லை என்பதே. ஒலியைப் பற்றிப் பேசும் இடத்தில் நிலைமை வேறு. ஒரு சொல்லுக்கு ஒலி ஒரு பக்கம், பொருள் மறுபக்கம் என்று பிரித்துப் பேசுவது தமிழில் வேரூன்றிய வழக்கம். அந்த இணையின் இரு பாதிகளையும் பிடித்து ‘பொருள் சார்ந்த ஒலி’ என்று ஒட்டினால், எழுதியவர் கருதாத ஒரு கருத்து முந்திக்கொண்டு வந்து நிற்கிறது. ‘ஒலிப்பொருள்’ என்று சுருக்கினாலும் ஒலியின் அர்த்தமா, ஒலி என்னும் பண்டமா என்ற ஐயம் தீராது. இதற்கு மாற்றாக ‘உருப்படி’ என்பாரும் உண்டு. கர்நாடக இசையில் வர்ணமும் கிருதியும் உருப்படிகள் என்று அழைக்கப்படுவதை அறிந்த எவரும், இசை கலக்கும் அறையில் அந்தச் சொல்லை இன்னொரு வேலைக்கு அமர்த்த மாட்டார்.

ஆகவே ‘ஒலியுரு’ என்பதே பொருத்தம் என்று கருதுகிறேன். உருவமற்ற ஒலிக்கு இடமும் பருமனும் கொடுத்து அறைக்குள் நகர்த்துவதுதான் இங்கே நடக்கும் வேலை. ‘உரு’ அதை நேராகச் சொல்கிறது. ‘ஒலியுரு’, ‘ஒலியுருத் தடம்’, ‘ஒலியுருவழிக் கலப்பு’ என்று தொடர்கள் தடையின்றி விரிகின்றன. பன்மையும் வேற்றுமையும் ஏற்கின்றன.

‘பெட்’ என்பதைப் ‘படுக்கை’ ஆக்குவது இதைவிடப் பெரிய பிழை. மழை, கூட்டத்தின் இரைச்சல் போன்று பரந்து கிடக்கும் ஒலிகளைத் தாங்கும் சேனல் தொகுதி அது. ஆற்றுப்படுகை என்ற சொல்லை வைத்திருக்கும் மொழியில் ‘ஒலிப்படுகை’ என்று எழுத யார் தடுத்தார்கள்? இந்த வேறுபாடு தெளிவாக மனத்தில் பதிய வேண்டியதற்குக் காரணமும் உண்டு. மிகத் தாழ்ந்த அதிர்வெண் கொண்ட அடியொலிக்கென ஒதுக்கப்பட்ட எல்எஃப்இ சேனல் படுகையில் மட்டுமே இருக்கிறது. ஒலியுருவை அதற்குள் அனுப்ப வழியில்லை. வெடியோசையை ஒலியுருவாக நகர்த்த விரும்புபவர், அதன் அடியொலியைத் தனித் தடமாகப் பிரித்துப் படுகையின் வழியே அனுப்ப வேண்டும். செஷனை அமைக்கும்போதே இதைத் திட்டமிடாதவர் கடைசியில் தடங்களை மறுபடி அடுக்க நேரிடும். படுக்கை, பொருள் என்று படித்தவருக்கு இந்த விதி எப்படி விளங்கும்?

மொழிபெயர்ப்பவர்கள் கருவியின் முன் சிறிது நேரம் அமர்ந்துவிட்டு எழுதினால் இவற்றில் பாதி நேராது. 7.1.2இன் சேனல்களை ‘அலைவரிசை’ என்று எழுதுகிறார்கள். அது ஒளிபரப்புக்கு உரிய சொல், ஒலிபெருக்கிக்குச் செல்லும் பாதையில் அதற்கு வேலையில்லை. ரெண்டரரை ‘வழங்கி’ என்று எழுதினால், கணினித் தமிழில் அது சர்வருக்கு நிலைத்துவிட்ட பெயர் என்பதால், மாணவர் வலையமைப்பில் இல்லாத ஒரு கணினியைத் தேடத் தொடங்குவார். கணக்கிட்டு ஒலியைப் பங்கிடும் அந்தச் செயலைச் சொல்லும் தமிழ்ச்சொல் அமையும்வரை, ‘ரெண்டரர்’ என்றே எழுதலாம்.