பிள்ளை கையில் ஃபேண்டஸி நாவல்: பெற்றோர் கவனிக்க வேண்டியவை

பள்ளி நூலகத்துக்கு வரும் பெற்றோர் அடிக்கடி சொல்லும் புகார் இது: "எந்நேரமும் மந்திரவாதிக் கதைதான். பாடப் புத்தகத்தைத் தொடுவதே இல்லை." பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளை ஐந்நூறு பக்க நாவலை மூன்றே நாளில் முடிக்கிறது என்றால், அதற்குத் தேவையான ஏதோ ஒன்று அதில் கிடைக்கிறது என்று பொருள். அது என்னவென்று புரிந்துகொண்டால், எந்தப் புத்தகத்தைக் கொடுக்கலாம், எதைத் தள்ளிப்போடலாம் என்பதும் தெளிவாகிவிடும்.

ஒரு ஃபேண்டஸி நாவல், அதாவது மாய உலகக் கதை, கைக்கு வந்ததும் முதலில் தேட வேண்டியது, அந்த உலகத்தில் மந்திரத்துக்கு என்ன விலை, அதைச் செய்பவர் எதை இழக்கிறார் என்பது. அந்த விதிதான் கற்பனை உலகத்தை நம்ப வைக்கிறது. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் 1939இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் தேவதைக் கதைகளைப் பற்றி ஓர் உரை ஆற்றினார். பிறகு அதை விரிவாக்கிக் கட்டுரையாக வெளியிட்டார். பச்சைச் சூரியன் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம், அந்தச் சூரியனை நம்பும்படியான ஓர் உலகத்தைப் படைப்பதில்தான் உழைப்பு இருக்கிறது என்பது அதில் அவர் சொல்லும் கருத்து. பதின்வயது வாசகர் இந்த உழைப்பைச் சட்டென்று கண்டுகொள்வார். வீட்டில் அண்ணனுக்கு ஒரு சட்டம், தங்கைக்கு ஒரு சட்டம். பெரியவர்கள் சொல்வது ஒன்று, செய்வது வேறொன்று. இதையெல்லாம் கவனித்துக் குமுறும் வயது அது. அரசனுக்கும் ஆடு மேய்ப்பவனுக்கும் ஒரே விதி, மீறினால் இருவருக்கும் ஒரே விளைவு என்று ஓர் உலகம் இருந்தால் அதை விட்டு எழுந்துவர மனம் வருமா?

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய 'எ விசார்ட் ஆஃப் எர்த்சீ'. கடலில் சிதறிக் கிடக்கும் நூற்றுக்கணக்கான தீவுகள்தான் அதன் உலகம். லெ குவின் முதலில் வரைபடத்தை வரைந்துகொண்டு, அதன் பிறகே கதைக்குள் போனார். அதனால் கடல்வழியும் காற்றும் கதை முழுக்கப் பிசகாமல் இருக்கின்றன. அங்கே மந்திரம் என்றால் ஒன்றின் உண்மைப் பெயரை அறிவது. கல்லுக்கும் பருந்துக்கும் மனிதனுக்கும் மெய்ப்பெயர் உண்டு; அதை அறிந்தவரிடம் அது கட்டுப்படும். ஆனால் ஓரிடத்தில் மழையை வரவழைத்தால் இன்னோர் இடம் காய்ந்துபோகலாம். அதனால் தேர்ந்த மந்திரவாதிகள் தேவையின்றி எதையும் செய்வதில்லை.

நாயகன் கெட், தாயில்லாமல் வளர்ந்து ஆடு மேய்த்த பையன். மந்திரப் பள்ளியில் சக மாணவன் ஒருவனின் ஏளனம் பொறுக்காமல், வீம்புக்காகச் செத்தவர் ஆவியை அழைக்கிறான். அதில் உலகத்தில் ஒரு பிளவு விழுந்து, கூடவே ஒரு நிழலும் வெளியே வந்துவிடுகிறது. அந்தப் பிளவை அடைத்த தலைமை மந்திரவாதி உயிரிழக்கிறார். கெட் முகத்தில் தழும்போடு பல மாதம் படுத்துக் கிடக்கிறான். அவன் செய்ததை வேறு யாரும் சரிசெய்து தருவதில்லை; அதே சமயம் அவனைப் பள்ளியிலிருந்து விரட்டிவிடவும் இல்லை. அவமானப்பட்டு ஒதுங்கிக் கிடக்கும் அவனிடம் ஒரு நண்பன் வந்து தன் மெய்ப்பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறான். அந்த உலகத்தில் அது உயிரையே கையில் கொடுப்பதற்குச் சமம். தோழியிடம் சொன்ன ரகசியம் மறுநாள் வாட்ஸ்அப் குழுவில் சுற்றுவதைப் பார்த்த பிள்ளைக்கு இந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

கெட் செம்பழுப்பு நிறத்தவன், அவன் நண்பன் கறுப்பு நிறத்தவன். பழைய அட்டைப்படங்கள் பலவற்றில் கெட்டை வெள்ளையாக வரைந்தார்கள். 2004இல் வந்த தொலைக்காட்சித் தொடரில் வெள்ளை நடிகரைப் போட்டபோது லெ குவின் வெளிப்படையாகவே எதிர்த்து எழுதினார். நம் பிள்ளைகளிடம் இந்தப் புத்தகத்தைக் கொடுக்கும்போது இதையும் சொல்லிக் கொடுங்கள்.

இனி, தவறு எங்கே நேர்கிறது என்று பார்ப்போம். முதலாவது, வயது. திரைப்படத்துக்கு இருப்பதுபோல் இந்தியாவில் புத்தகத்துக்கு வயதுச் சான்றிதழ் கிடையாது. கடையில் 'யங் அடல்ட்' (இளையோர்) அலமாரியில் இருப்பதாலேயே அது பதின்மூன்று வயதுக்கு ஏற்றதாகிவிடாது. 'எ கோர்ட் ஆஃப் தோர்ன்ஸ் அண்ட் ரோசஸ்' 2015இல் இளையோர் நாவலாகத்தான் வந்தது. வெளிப்படையான பாலுறவுக் காட்சிகள் உள்ள அந்தத் தொடருக்கு 2020இல் அட்டையை மாற்றிப் பெரியவர்களுக்கான பதிப்பாக வெளியிட்டார்கள். பழைய பிரதிகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. எனவே வாங்கும் முன் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முதல் அத்தியாயம் முழுதும், நடுவில் பத்துப் பக்கம், கடைசிக் கால்பகுதியில் பத்துப் பக்கம் படியுங்கள். கடைசிக் கால்பகுதியை விட்டுவிடாதீர்கள். கொடூரமும் காமமும் பெரும்பாலும் அங்கேதான் உச்சத்துக்குப் போகும். தொடராக இருந்தால் இரண்டாம் பாகத்தையும் இப்படிப் பாருங்கள்.

ஹாரி பாட்டரிலும் வேறுவிதமாக இந்தச் சிக்கல் உண்டு. ஏழு பாகங்கள் 1997 முதல் 2007 வரை பத்து ஆண்டுகளில் வந்தன. முதல் வாசகர்கள் நாயகனோடு சேர்ந்து வளர்ந்தார்கள். இன்று ஒன்பது வயதுப் பிள்ளை கோடை விடுமுறையிலேயே ஏழையும் முடித்துவிடுகிறது. நான்காம் பாகத்திலிருந்து மரணங்கள் கனக்கத் தொடங்குகின்றன. மூன்றாவதை முடித்ததும் வேறு ஏதாவது கொடுத்து, ஓராண்டு கழித்துத் தொடரச் சொல்வது நல்லது. ஆங்கிலத்தில் திணறும் பிள்ளைக்கு அது தமிழிலும் கிடைக்கிறது.

அடுத்தது, வரிசை. சி. எஸ். லூயிஸ் எழுதிய நார்னியா கதைத் தொகுப்பில் முதலில் வெளிவந்தது 1950இல் வந்த 'தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்'. இப்போதைய பதிப்புகளில் 1 என்று அச்சாகி இருப்பதோ 1955இல் வந்த 'தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ'. பனிக்காட்டின் நடுவே ஒரு விளக்குக்கம்பம் ஏன் நிற்கிறது என்ற திகைப்புதான் 1950இல் வந்த அந்த நூலின் உயிர். எண்ணைப் பார்த்து வாங்கினால், அந்தத் திகைப்பு வருவதற்கு முன்பே விடை தெரிந்துபோகும். எந்தத் தொடரையும் வெளிவந்த ஆண்டு வரிசையில் கொடுங்கள்.

ஐம்பது பக்கத்தில் புத்தகத்தை மூடிவைக்கும் பிள்ளைகளும் உண்டு. பெரும்பாலும் காரணம் பெயர்கள்தான்: ஊர், குலம், கடவுள், ஆயுதம் என்று முதல் மூன்று அத்தியாயத்தில் முப்பது பெயர் வந்து விழும். ஓர் அட்டையில் ஆறு பாத்திரங்களின் பெயரை மட்டும் எழுதிப் பக்க அடையாளமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மற்றவை தானாகப் பழகிவிடும். நடைபாதையில் விற்கும் கள்ளப் பிரதிகளில் வரைபடம் கருப்புக் கறையாக இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. வரைபடம் இல்லாமல் இந்த வகை நாவலைப் படிக்கும் பிள்ளை தன் புத்திதான் மந்தம் என்று நினைத்துக்கொள்கிறது. இது மிகவும் வருத்தமான விஷயம்.

எப்போது கவலைப்பட வேண்டும்? நிறையப் படிப்பது மட்டும் கவலைக்குரியதல்ல. தூக்கமும் சாப்பாடும் குறைந்து, பள்ளிக்குப் போக மறுத்து, நண்பர்களிடம் பேசாமல், ஒரே புத்தகத்தையே திரும்பத் திரும்பப் படித்தபடி இரண்டு வாரத்துக்கு மேல் போனால் பள்ளியின் உளவியல் ஆலோசகரைப் பாருங்கள். அந்த நேரத்தில் புத்தகத்தைப் பிடுங்காதீர்கள். பிள்ளை எதிலிருந்தோ ஒளிந்துகொள்ள அங்கே போயிருக்கலாம். வகுப்பில் என்ன நடக்கிறது என்று விசாரியுங்கள்.

மற்ற நாட்களில் "கதை என்ன?" என்று கேட்டால் "சும்மா" என்றுதான் பதில் வரும். "அங்கே மந்திரம் செய்தால் என்ன இழக்க வேண்டும்?", "மந்திரம் தெரியாதவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் அரைமணி நேரம் நீண்டால் அந்தப் பிள்ளை அடுத்த நிலைக்குத் தயார். எர்த்சீயின் இரண்டாம் நூலான 'தி டூம்ப்ஸ் ஆஃப் அடுவான்' அதற்குப் பொருத்தமானது: பெயரே பறிக்கப்பட்டு, இருட்டறைக் கோயிலுக்குப் பூசாரியாக்கப்பட்ட ஒரு சிறுமியின் கதை. பதின்மூன்று வயதுக்கு மேல் கொடுக்கலாம்.