விதிக்கும் விரலுக்கும் நடுவே 200 மில்லி செக்கன்

1825 மே 31 இரவு ஒரு சந்திர கிரகணம் நிகழ்ந்தது. அதை முன்கூட்டியே கணித்துக் காட்டினார் புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர். காகிதமில்லை, பேனையில்லை. நிலத்திலே சோகிகளைப் பரப்பி, எண்களைச் சொற்களாக்கி மனப்பாடம் செய்த வாக்கியங்களிலிருந்து அவற்றை எடுத்து, கூட்டிக் கழித்து விடை சொன்னார். அருகிலிருந்து அதைப் பதிவு செய்தவர் ஜோன் வாரன் என்ற அளவையாளர். பின்னாளில் சரிபார்த்தபோது கிரகணத்தின் தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் மட்டுமே பிசகியிருந்தது. தொலைநோக்கியைத் தொடாத ஒருவருக்கு இது பெரிய சாதனை.

யாழ்ப்பாணத்தில் வாக்கிய பஞ்சாங்கம் இன்றும் வீட்டுக்கு வீடு தொங்குகிறது. 2010 ஜனவரி 15இலும் 2019 டிசம்பர் 26இலும் குடாநாட்டுக்கு மேலே கங்கண சூரிய கிரகணம் வந்தது. இரண்டும் எந்த நாளில் வரும் என்பது எவ்வளவோ முன்னரே கணித்து வைக்கப்பட்டிருந்தது. ஆகாயத்தை இவ்வளவு சரியாகச் சொல்லும் கணக்கு, மனிதனையும் சொல்லிவிடும் என்று நம்புவது இயல்புதான். ஆனால் அந்தப் பாலத்தில் பலகை இல்லை.

செவ்வாய்க் குற்றத்தையே எடுத்துக்கொள்வோம். பிறக்கும் நேரத்தில் கிழக்கே உதிக்கும் ராசியான இலக்கினத்திலிருந்து 2, 4, 7, 8, 12ஆம் இடங்களில் செவ்வாய் நின்றால் குற்றம் என்பது வழக்கு. பன்னிரண்டில் ஐந்து இடம், அதாவது நூற்றுக்கு 42 பேர். இலக்கினம் ஏறத்தாழ 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாறி, ஒரு நாளில் பன்னிரண்டு ராசியையும் சுற்றி முடிக்கிறது. ஆகவே எந்த நாளை எடுத்தாலும், ஏறத்தாழ 10 மணித்தியாலத்துக்குள் பிறக்கும் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் இலக்கினப்படி இந்தக் குற்றம் உண்டு. சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் எண்ணத் தொடங்கினால் தொகை இன்னும் கூடும். அதைக் குறைக்கத்தான் ஆட்சி, உச்சம் என்று விலக்குகள் வந்தன. இந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு எத்தனை பெண்பிள்ளைகளின் கலியாணம் எட்டிலே செவ்வாய் என்று தள்ளிப்போகிறது! அந்தப் பெண்களுக்கு நாம் அநியாயம் செய்கிறோம்.

சந்திரனைக் கணிக்க முடிகிறது, மனிதனைக் கணிக்க முடியவில்லை. ஏன்?

முதற் காரணம் பிழை வளரும் வேகம். சந்திரனின் இருப்பிடத்தை அளப்பதில் சிறு பிழை விட்டால், அடுத்த வருடமும் அது சிறு பிழையாகவே இருக்கும். எல்லாத் தொகுதிகளும் அப்படியல்ல. 1961இல் எட்வேட் லோறன்ஸ் என்ற வானிலை ஆய்வாளர் கணினியில் ஒரு கணக்கை நடுவிலிருந்து மறுபடி ஓட்டினார். 0.506127 என்ற எண்ணுக்குப் பதிலாக, அச்சில் வந்திருந்த 0.506ஐக் கொடுத்தார். வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. கொஞ்ச நேரம் இரண்டு கோடுகளும் ஒட்டியே போயின. பிறகு பிரிந்தன. பிறகு ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு வானிலைகளாகிவிட்டன. விதிகள் மாறவில்லை, ஒவ்வொரு அடியும் விதிப்படிதான் நடந்தது. ஆனாலும் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. விதிக்குக் கட்டுப்பட்டது என்பதும் கணிக்கக்கூடியது என்பதும் வேறு வேறு. ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக் கலங்கள் உள்ள மூளை, இந்த வகையில் சந்திரனைவிட வானிலைக்குத்தான் நெருங்கிய சொந்தம்.

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. கிரகணத் திகதியைச் சந்திரனிடம் சொன்னால் சந்திரன் மாறாது. ‘உனக்குக் கல்விப் பலன் இல்லை’ என்று உயர்தரம் படிக்கும் பிள்ளையிடம் சொன்னால் பிள்ளை மாறும். ஒன்று சோர்ந்து புத்தகத்தை மூடும், அல்லது வீம்புக்கு விடிய விடியப் படிக்கும். பலன் சொன்ன வாயே கணக்குக்குள் புகுந்துவிடுகிறது. கேட்டதும் நடத்தையை மாற்றக்கூடிய ஒன்றைப் பற்றி, அதன் காதிலே போட்ட பிறகும் தப்பாத கணிப்பைச் சொல்வது கடினம்.

கணிக்க முடியாததாலே மனிதன் சுயாதீனன் என்று சொல்லிவிடலாமா? முடியாது. நரம்புக் கலங்கள் சந்திக்கும் இடங்களில் உண்மையாகவே தற்செயல் இருக்கிறது. துடிப்பு வந்து சேர்ந்தாலும் இரசாயனப் பொதி வெளியே வராமல் போவது அங்கே சாதாரணம். ஆனால் தற்செயல் சுதந்திரமாகாது. காசைச் சுண்டிப்போட்டுப் பூவா தலையா பார்த்து மாப்பிள்ளையைத் தெரிவு செய்தால், தெரிவு செய்தது காசுதான்.

ஆகவே மூளைக்குள்ளேயே போய்ப் பார்க்க வேண்டும். 1965இல் ஜெர்மனியில் கோர்ன்ஹூபர், டீக்கே இருவரும் ஒன்றைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். ஒருவர் தானாக விரலை அசைக்குமுன், உச்சந்தலையில் வைத்த மின்வாயில் மெல்ல ஏறும் ஒரு மின்னழுத்தம் தெரிகிறது. அதை ஆயத்த அழுத்தம் என்போம். 1983இல் சான் பிரான்சிஸ்கோவில் பெஞ்சமின் லிபெற் அதை வைத்துச் செய்த பரிசோதனைதான் இந்த வாதத்தில் எல்லோரும் காட்டும் சாட்சி. செய்முறை இதுதான்.

திரையில் ஓர் ஒளிப்புள்ளி கடிகார முள்போல வட்டமடிக்கிறது. ஒரு சுற்றுக்கு 2.56 செக்கன். அமர்ந்திருப்பவர் மனம் வரும்போது மணிக்கட்டை மடக்க வேண்டும். முன்கூட்டித் திட்டமிடக் கூடாது. ‘அசைப்போம்’ என்ற உந்தல் மனதில் தோன்றிய கணத்தில் புள்ளி எங்கே நின்றது என்று பிறகு சொல்ல வேண்டும். தலையில் ஒரு மின்வாய், முன்கையில் தசையின் மின்னைப் பிடிக்க இன்னொன்று. ஆயத்த அழுத்தம் ஒருசில மைக்ரோவோல்ற்றுத்தான். மூளையின் மற்ற இரைச்சலுக்குள் அது மூழ்கிக் கிடக்கும். அதனால் 40 தடவை செய்யவைத்து, ஒவ்வொன்றையும் தசை அசைந்த கணத்தில் பொருத்திப் பின்னோக்கிச் சராசரி எடுத்தார்கள்.

விடை இப்படி வந்தது. அசைவை 0 என்று வைத்தால், ஆயத்த அழுத்தம் 550 மில்லி செக்கனுக்கு முன் ஏறத் தொடங்குகிறது. ‘அசைப்போம்’ என்ற எண்ணம் தெரிவது 200 மில்லி செக்கனுக்கு முன். நடுவே 350 மில்லி செக்கன். மூளை முதலில் முடிவெடுக்கிறது, உங்களுக்குப் பிறகுதான் தகவல் வருகிறது என்று பலர் இதைப் படித்தார்கள். விதி வென்றது என்று எழுதியவர்களும் உண்டு.

அவசரப்பட்டுவிட்டார்கள். புள்ளியைப் பார்த்து நேரம் சொல்வதிலேயே பிசகு இருக்கிறது. தோலில் மெல்லிய மின்தூண்டல் கொடுத்து அதன் நேரத்தைக் கேட்டபோது, அதே ஆட்கள் உண்மையான நேரத்தைவிட ஏறத்தாழ 50 மில்லி செக்கன் முந்திச் சொன்னார்கள். அது சிறிய கோளாறு. பெரிய கோளாறு சராசரி எடுத்த விதத்தில் இருக்கிறது.

யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்து வீதியில் காற்றடிக்கும் ஒரு பின்னேரம் நின்று பாருங்கள். கடனீரேரியில் சின்ன அலைகள் கண்டபடி ஏறி இறங்கும். எப்போதாவது ஒன்று கல்லணையைத் தாண்டி வீதியில் தெறிக்கும். தெறித்த தடவைகளை மட்டும் ஒளிப்பதிவில் வெட்டியெடுத்து, தெறித்த கணத்தில் பொருத்திப் பின்னோக்கிச் சராசரி போட்டால் என்ன தெரியும்? நீர்மட்டம் முன்பே மெல்ல மெல்ல ஏறிவந்த ஓர் அழகான வளைவு. கடல் முன்கூட்டியே தீர்மானித்துவிட்டது என்று அதற்குப் பொருளா? ஏறிவந்து அணையைத் தொடாமலே இறங்கிய அலைகள் எத்தனையோ. அவற்றை நாம் எண்ணவே இல்லை. 2012இல் ஆரோன் ஷூர்கர் குழுவினர் இதே தர்க்கத்தைக் கணித மாதிரியாக்கினார்கள். மூளையின் இரைச்சல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது, ‘எப்போதாவது அசை’ என்ற பணிப்பு அதைக் கொஞ்சம் உயர்த்தி வைக்கிறது, ஒரு வரம்பைத் தாண்டும்போது கை அசைகிறது. அந்த மாதிரியிலிருந்து லிபெற் கண்ட வளைவு அப்படியே கிடைத்தது. அரை செக்கனுக்கு முன் ஏறத் தொடங்கியதை முடிவென்று கொள்ளத் தேவையில்லை. முடிவு வரம்பைத் தாண்டும் இடத்தில் வருகிறது.

இன்னொன்றும் உண்டு. காரணமில்லாமல் மணிக்கட்டை மடக்குவதா நாம் வாழ்க்கையில் எடுக்கும் முடிவு? 2019இல் யூரி மாவோஸ் குழுவினர் இரண்டு வகைத் தெரிவுகளை ஒப்பிட்டார்கள். ஒன்றில், தெரிவு செய்த தொண்டு நிறுவனத்துக்கே 1,000 டொலர் போகும். மற்றதில், எதைத் தெரிவு செய்தாலும் இரண்டு நிறுவனங்களுக்கும் 500, 500. பொருளில்லாத தெரிவில் ஆயத்த அழுத்தம் தெளிவாக வந்தது. பொருளுள்ள தெரிவில் அது ஏறத்தாழக் காணாமற் போனது. காணி விற்பதா, வெளிநாடு போவதா, பிள்ளையை எந்தப் பாடத்துக்கு விடுவது என்ற முடிவுகள் இந்தப் பொருளுள்ள வகை. லிபெற்றின் வளைவு அவற்றைப் பற்றிப் பேசவே இல்லை.

நிறுத்தும் பக்கத்துக்கு வருவோம். இங்கேதான் கையில் பிடிக்கக்கூடிய விஷயம் இருக்கிறது. 2016இல் பேர்லினில் ஒரு கணினி ஆயத்த அழுத்தத்தை உடனுக்குடன் பிடித்தது. ஒருவர் காலால் பொத்தானை மிதிக்கப்போகிறார் என்று தெரிந்ததும் பச்சை விளக்கைச் சிவப்பாக்கியது. அசைவு தொடங்க 200 மில்லி செக்கனுக்கு மேல் மிச்சமிருந்தால் ஆட்களால் நிறுத்த முடிந்தது. அதற்குப் பிந்தினால் கால் அசையவே செய்தது. தொடங்கிவிட்ட ஆயத்தம் தலைவிதி அல்ல, ஆனால் திரும்பமுடியாத ஓர் எல்லை அதற்கு உண்டு.

இந்த பிரேக்குக்குப் பாகங்கள் உண்டு. வலது நெற்றிப் பகுதியின் கீழ்மடிப்பு, உச்சந்தலைக்குக் கீழே அசைவைத் திட்டமிடும் பகுதி, மூளையின் ஆழத்தில் பருப்பு வடிவிலுள்ள ஒரு சிறிய நரம்புக்கட்டி. மூன்றும் சேர்ந்து ‘வேண்டாம்’ என்ற கட்டளையை அனுப்புகின்றன. நல்ல உடல்நிலையிலுள்ள இளைஞருக்கு இதற்கு 200 முதல் 250 மில்லி செக்கன் வரை பிடிக்கும். மதுவும் நித்திரைக் குறைவும் இதை நீட்டும். மோட்டார் சைக்கிள் 40 கிலோமீற்றர் வேகத்தில் போனால் ஒரு செக்கனுக்கு 11 மீற்றர். வெட்டி முந்தப் போனவர், கட்டாக்காலி மாட்டைக் கண்டு அந்த எண்ணத்தைக் கைவிட 200 மில்லி செக்கன் எடுத்தால், வண்டி ஏற்கெனவே 2.2 மீற்றர் போயிருக்கும். கண் கண்டு மூளை உணர்வதற்கும், விரல் பிரேக்கை அடைவதற்கும் இதற்கு மேலும் தூரம் வேண்டும். அந்த இடத்தில் சண்டை விதியோடு அல்ல, மீற்றரோடு. ‘விதி முடிந்தது’ என்று செத்தவீட்டில் சொல்லும்போது அந்த 2 மீற்றரையும் முதல்நாள் இரவுக் குடியையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

பிரேக்குப் போலவே ஆசையையும் இரசாயனம் ஆட்டும். பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் பிரமிபெக்சோல் போன்ற குளிசைகள் டோபமின் என்ற மூளை இரசாயனத்தின் வேலையைச் செய்கின்றன. 3,000க்கு மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து 2010இல் வந்த அறிக்கைப்படி, இவ்வகைக் குளிசை எடுத்தவர்களில் 17 வீதமானோருக்கு அடக்கமுடியாத சூதாட்டம், கடைகடையாக வாங்குதல், அளவற்ற தீனி போன்றவற்றில் ஒன்றாவது இருந்தது. எடுக்காதவர்களில் 7 வீதம். வாழ்நாளெல்லாம் சிக்கனமாயிருந்த ஒரு தாத்தா திடீரென்று நாள் முழுக்க லொத்தர் சீட்டு வாங்கித் தள்ளினால், ‘புத்தி கெட்டுப்போச்சு’ என்று ஏசுமுன் அவர் விழுங்கும் குளிசையைப் பாருங்கள். மருந்தைக் குறைத்ததும் பலருக்கு அது தணிகிறது. ஆனால் வீட்டிலே தாங்களாக நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் பதற்றமும் மனச்சோர்வும் வரலாம். டொக்டரிடம் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

நம்மூர்ச் சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரிக்கிறது. சேர்ந்து கிடக்கும் சஞ்சிதம், இப்போது அனுபவிக்கும் பிராரத்தம், இப்போது செய்து ஏற்றிக்கொள்ளும் ஆகாமியம். ஊழை முழுமனதோடு நம்பும் தத்துவத்திலேயே மூன்றாவது வாசல் திறந்திருக்கிறது. மூளை ஆய்வு அந்த வாசலை அளந்து பார்க்கிறது.

அதைக் கொஞ்சம் அகலப்படுத்தும் வழியும் தெரியும். ஆசை வந்த பிறகு அந்தக் கால் செக்கனில் அடக்க முயல்வது கடைசித் தடுப்பு. அதைவிட ஒரு நாள் முன்னரே பூட்டி வைப்பது சுகம். பீற்றர் கோல்விற்சர் என்ற உளவியலாளர் ஆராய்ந்த முறை இது: ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்று இடத்தையும் நேரத்தையும் செயலையும் ஒரே வசனத்தில் எழுதுவது. 94 பரிசோதனைகளைத் தொகுத்து 2006இல் வந்த ஆய்வு, வெறும் தீர்மானத்தைவிட இது நன்றாகவே பலன் தருவதைக் காட்டியது. ‘இனிப் போனை நோண்ட மாட்டேன்’ என்பது தோற்கும். அதில் எப்போது என்பதும் இல்லை, மாற்றாக என்ன செய்வது என்பதும் இல்லை. மாட்டேன் மாட்டேன் என்று சொல்லச் சொல்ல அந்தப் பொருள்தான் மனதில் நிற்கும். ‘ஆறு மணிக்கு சாமியறையில் விளக்கேற்றியதும், போனை அம்மாவின் அலுமாரியில் வைத்துவிட்டு இரசாயனவியல் கொப்பியைத் திறப்பேன்’ என்பது நிற்கும். விளக்கேற்றுவது எப்படியும் நடக்கும் ஒன்று, அதுவே நினைவூட்டும். ஒரே நேரத்தில் ஐந்தாறு வசனம் எழுதினால் பலன் குறையலாம். ஒன்றோடு தொடங்குங்கள்.

எத்தனை நாளில் இது பழக்கமாகி, கை தானாகப் போகும்? லண்டனில் 96 பேரை வைத்துப் பார்த்தபோது நடுமதிப்பு 66 நாளாக இருந்தது. மிகக் குறைந்தது 18, மிகக் கூடியது 254 என்று கணித்தார்கள். சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் படிந்தன, உடற்பயிற்சிக்கு நாள் பிடித்தது. இடையில் ஒரு நாள் தவறியவர்களுக்கு அதனால் பெரிய பின்னடைவு எதுவும் வரவில்லை. தேர்த் திருவிழாவுக்கு நல்லூருக்குப் போய்ப் படிப்பு ஒரு நாள் தவறினால், மறுநாள் ஆறு மணிக்கு விளக்கேற்றியதும் கொப்பியைத் திறக்கலாம்.