6 மணி நேர விதி: டெஸ்ட் முதலிலா, கண்காணிப்பு முதலிலா?

பல அலுவலகங்களில் சைபர் பாதுகாப்புப் பேச்சே ஒரு கொட்டேஷனில்தான் தொடங்கும். 'வி.ஏ.பி.டி (கணினி அமைப்பில் ஓட்டை இருக்கிறதா என்று தேடிப் பார்க்கும் டெஸ்ட்) முடித்துச் சர்ட்டிஃபிகேட் தருகிறோம்' என்று ஒருவர் வருவார். 24 மணி நேரமும் கண்காணிக்கிறோம் என்பார் இன்னொருவர். மூன்றாமவர் ஐ.எஸ்.ஓ 27001 என்ற தகவல் பாதுகாப்புத் தரச் சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொல்வார். மூன்றுக்கும் சேர்த்துப் பணம் இருக்காது. சுவரில் மாட்ட ஒரு காகிதம் கிடைக்கிறதே என்று முதலாமவருக்கு ஆர்டர் போய்விடும். ஆனால், சட்டம் கேட்பதைப் படித்துப் பார்த்தால் வரிசை வேறு மாதிரி இருக்கிறது.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70பி பிரிவின்படி இயங்கும், சைபர் சம்பவங்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு சர்ட்-இன். அது 2022 ஏப்ரல் 28 அன்று ஓர் உத்தரவு போட்டது. அரசு அலுவலகங்கள், டேட்டா சென்டர்கள், நிறுவனங்கள் எல்லாவற்றையும் அது கட்டுப்படுத்தும். சிறு, குறு நிறுவனங்களுக்கு 2022 செப்டம்பர் 25 வரை கூடுதல் அவகாசம் கொடுத்தார்களே தவிர, விலக்கு எதுவும் இல்லை. உத்தரவின் முக்கியமான அம்சங்கள் நான்கு. சைபர் சம்பவம் கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள் சர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும். எல்லாக் கணினி அமைப்புகளின் லாக்குகளையும் (யார், எப்போது, என்ன செய்தார்கள் என்ற பதிவுகள்) 180 நாள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கடிகாரங்கள் அரசின் நேர சர்வரோடு ஒத்துப்போக வேண்டும். சர்ட்-இன் தொடர்புகொள்ள ஒருவரை நியமித்து அவர் விவரத்தைக் கொடுக்க வேண்டும். மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 1 லட்சமாக இருந்த அபராத உச்சவரம்பு 2023-இல் 1 கோடி ரூபாயாக உயர்த்தப்பட்டது.

இந்த நான்கில் ஒன்றுகூட டெஸ்ட் பற்றியது இல்லை என்பதைக் கவனியுங்கள்.

'கவனத்துக்கு வந்த' 6 மணி நேரம் என்றதும் சிலருக்கு ஒரு குறுக்குவழி தோன்றும்: பார்க்காமலே இருந்துவிட்டால் கடிகாரம் ஓடாதே! ஓடும். வெளியாள் ஒருவர் சொல்லித் தெரிந்தாலும் அந்த நிமிடத்திலிருந்தே கணக்கு. சனிக்கிழமை இரவு 11 மணிக்கு ஒரு வாடிக்கையாளர் கூப்பிட்டு, 'உங்கள் ஐடியிலிருந்து வங்கிக் கணக்கை மாற்றச் சொல்லி மெயில் வந்திருக்கிறது' என்கிறார் என்று வையுங்கள். ஞாயிறு காலை 5 மணிக்குள் தகவல் போக வேண்டும். அந்நேரத்தில் யாரை எழுப்புவது, மெயில் சர்வரின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது, லாக்கை எடுக்கத் தெரிந்தவர் யார்? இதற்குப் பதில் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. முழு விவரமும் முதல் 6 மணி நேரத்திலேயே வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. தெரிந்ததை முதலில் சொல்லிவிட்டு மீதியைப் பின்னால் அனுப்பலாம். சர்ட்-இன்னின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-11-4949. அதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.

அடுத்தது லாக். 'எங்களிடம் லாக் இருக்கிறது' என்று எல்லோரும் சொல்வார்கள். எத்தனை நாளைக்கு இருக்கிறது என்று திறந்து பார்ப்பவர்கள் குறைவு. விண்டோஸில் பாதுகாப்பு லாக்கின் அளவு, யாரும் மாற்றாதவரை, 20 எம்.பி. அது நிரம்பியதும் பழைய பதிவின் மேல் புதியது எழுதப்படும். வேலை அதிகமுள்ள சர்வரில் 180 நாள் எங்கே, சில நாள் தாங்கினாலே பெரிய விஷயம். உபுண்டு போன்ற லினக்ஸில் பொதுவான அமைப்பு, வாரம் ஒரு கோப்பாக நான்கு வாரம். இரண்டையுமே மாற்ற வேண்டும். மாற்றியபின் லாக்குகளை அதே சர்வரில் விடாமல் வேறோர் இடத்துக்கு அனுப்புங்கள். ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீய மென்பொருள்) வந்தால் சர்வரோடு சேர்த்து லாக்கும் பூட்டப்பட்டுவிடும். உள்ளே புகுந்தவர்கள் போகும்போது தடயத்தை அழிக்கப் பார்ப்பதும் வழக்கம்தான். விண்டோஸில் பாதுகாப்பு லாக்கை யாராவது அழித்தால் 1102 என்ற எண்ணில் ஒரு பதிவு விழும். காசு செலவில்லாமல் ஓர் அலாரம் வைப்பதென்றால் நான் முதலில் அதற்குத்தான் வைப்பேன்.

கடிகார விதி சின்னதாகத் தெரியும். ஃபயர்வால் உலகப் பொது நேரத்திலும் சர்வர் இந்திய நேரத்திலும் ஓடினால் ஐந்தரை மணி நேரம் இடிக்கும். யார் முதலில் எங்கே நுழைந்தார்கள் என்று கோத்துப் பார்க்கவே முடியாது. தேசியத் தகவலியல் மையம், அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகம், இரண்டில் ஒன்றின் நேரத்தோடு இணைத்து, நேர மண்டலத்தையும் எல்லாவற்றிலும் ஒன்றாக வைத்துவிடுங்கள். அரை மணி நேர வேலை.

அப்படியானால் டெஸ்ட் வேண்டாமா? வேண்டும். ஆனால் அது அன்றைய நிலைமையை மட்டும்தான் சொல்லும். 2021 நவம்பரில் சுத்தம் என்று அறிக்கை வாங்கிய சர்வர், டிசம்பரில் லாக்4ஜே (பல மென்பொருள்களுக்குள் இருக்கும், லாக் எழுதும் நிரல்) ஓட்டை வெளியானதும் ஒரே நாளில் ஆபத்தில் நின்றது. புதிதாக ஒரு செயலி வெளியிடும்போது, பணம் செலுத்தும் பக்கம் மாறும்போது, ஆண்டுக்கு ஒரு தரம் என்று டெஸ்ட் செய்யுங்கள். அரசுக்கோ வங்கிக்கோ வேலை செய்பவர் என்றால், சர்ட்-இன் பட்டியலில் உள்ள ஆடிட்டரைத்தான் பெரும்பாலும் கேட்பார்கள். ஒப்பந்தம் போடும் அன்றைக்கு அவர் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டைகளை அடைத்தபின் மறுபடி சோதித்துப் பார்க்கும் கட்டணம் கொட்டேஷனில் சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். பல சமயம் சேர்ந்திருக்காது. ஓட்டை இருக்கிறது என்ற அறிக்கையோடு கதை முடிந்துவிடும்.

ஐ.எஸ்.ஓ போன்றவற்றை வாடிக்கையாளர் கேட்கும்போது வாங்கிக்கொள்ளலாம். சட்டம் கட்டாயமாக்கவில்லை. ஆனால் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேறு கணக்கு. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம். தரவு கசிந்தால் அந்தச் சட்டத்தின்படி அமையும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு உடனே தகவல், விரிவான அறிக்கை 72 மணி நேரத்தில். போதிய பாதுகாப்பு இல்லாமல் விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். லாக்கை வைத்திருக்க வேண்டிய காலம் அதில் ஓராண்டு. அதனால் இப்போது சேமிப்பிடம் வாங்குபவர்கள் 180 நாளுக்குக் கணக்குப் போடாமல் ஒரு வருடத்துக்கே போட்டுவிடுங்கள்.