திசைவி என்னும் ரூட்டர்

திசைவி, பெயர்ச்சொல். இரண்டோ அதற்கு மேலோ வலையமைப்புகள் கூடும் இடத்தில் நின்று, வந்து சேரும் ஒவ்வொரு பொதியின் (தரவின் சிறு கட்டு) சேருமிட முகவரியைப் படித்து, அடுத்து எந்தக் கருவியிடம் அதைக் கொடுப்பது என்று முடிவு செய்யும் கருவி. முகவரியை அது மாற்றுவதில்லை, பார்த்து வழிவிடுகிறது. கடையில் ரூட்டர் என்று வாங்கும் பெட்டி இந்த வேலையோடு முகவரி மாற்றம் (நாட், பொதியின் முகவரியை வேறொன்றாக்குவது), அரண் (ஃபயர்வால்), ஸ்விட்ச் (ஒரே வலைக்குள் கருவிகளை இணைப்பது), வைஃபை எல்லாவற்றையும் சேர்த்துச் செய்வதால் சொல்லின் பொருள் மங்கிவிட்டது. வீட்டுக்கு அதனால் குறையில்லை. சொந்தச் சர்வர்களுக்குப் பொது முகவரி கொடுக்க வேண்டிய அலுவலகத்தில் கோளாறுகள் பெரும்பாலும் இந்த மங்கலிலிருந்துதான் தொடங்குகின்றன.

ஆங்கில ‘ரூட்’ பிரெஞ்சு வழியாக இலத்தீனின் ‘ருப்தா’விலிருந்து வந்தது. உடைத்துத் திறந்த பாதை என்பது அதன் பொருள். தச்சர்கள் மரத்தில் பள்ளம் எடுக்கும் ‘ரவுட்டர்’ வேறு வேரிலிருந்து, தோண்டுதல் என்ற பொருளில் பிறந்தது, இரண்டுக்கும் உறவில்லை. வலையமைப்பில் இந்தக் கருவிக்கு முதலில் வழங்கிய பெயர் ‘கேட்வே’. 1987இல் வெளிவந்த ஆர்எஃப்சி 1009 (இணைய நெறிமுறை ஆவண வரிசையில் ஒன்று) இணையக் கேட்வேக்களுக்கான தேவைகளைச் சொல்கிறது. அதே பொருளில் 1995இல் வந்த ஆர்எஃப்சி 1812 தலைப்பிலேயே ரூட்டர் என்கிறது. பழைய பெயர் ‘டீஃபால்ட் கேட்வே’ என்ற அமைப்புப் பெட்டியில் இன்னும் தங்கியிருக்கிறது.

தமிழில் திசைவி, வழிப்படுத்தி, வழிச்செலுத்தி என மூன்று ஆக்கங்கள் வழங்குகின்றன. பொருளில் நெருக்கமானது வழிப்படுத்திதான். கருவி தீர்மானிப்பது திசையை அன்று, வழியில் அடுத்த படியை. ஆற்றுப்படுத்தி என்பது இன்னும் அழகு. ஆறு என்றால் வழி. பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழி சொல்லி அனுப்புவதே ஆற்றுப்படை. ஆனால் ஆற்றுப்படுத்துதல் இன்று உளவள ஆலோசனைக்கு நிலைத்துவிட்டது. திசைவி சிறியது, பன்மையும் வேற்றுமையும் இயல்பாக ஏற்கிறது, கணினித் தமிழில் வேரூன்றியும் இருக்கிறது. அதையே கைக்கொள்ளலாம்.

இனி பயன்பாடு. இணைய நிறுவனம் ஒரு /29 தொகுதி தருகிறது என்று கொள்வோம்: 198.51.100.8 முதல் 198.51.100.15 வரை, எட்டு முகவரிகள். முதலும் கடைசியும் வலையமைப்புக்கும் பரப்பலுக்கும் (எல்லாக் கருவிகளுக்கும் ஒருசேர அனுப்புவது) போக, ஆறு மிஞ்சும். (இங்குள்ள எண்கள் எடுத்துக்காட்டுக்கென ஒதுக்கப்பட்டவை, அப்படியே எடுத்து இடக்கூடாது.) உடனே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: இந்தத் தொகுதியை எங்கள் திசைவிக்கு வழிப்படுத்தித் தருகிறீர்களா, அல்லது இணைப்புக் கம்பியிலேயே நேரடியாகப் போட்டிருக்கிறீர்களா?

வழிப்படுத்தித் தந்தால், இணைப்புக்கென்று தனியாக ஒரு /30 (நான்கு முகவரிகள் கொண்ட தொகுதி) இருக்கும். அவர்கள் பக்கம் 203.0.113.1, நம் வேன் (வெளியிணைப்பு) முனையில் 203.0.113.2. தொகுதிக்கான பொதிகள் எல்லாம் 203.0.113.2க்கே வரும். சர்வர் பக்க முனைக்கு 198.51.100.9 கொடுங்கள், சர்வர்களுக்கு .10 முதல் .14 வரை (கடைசி எண் மட்டும்), மாஸ்க் (தொகுதியின் அளவைச் சொல்லும் எண்) 255.255.255.248, கேட்வே 198.51.100.9. இந்தத் தொகுதிக்கு முகவரி மாற்றம் கூடவே கூடாது. சொல்லின் முழுப் பொருளில் திசைவி இங்கேதான் வேலை செய்கிறது.

கம்பியிலேயே போட்டிருந்தால் கதை வேறு. 198.51.100.9 அவர்கள் கருவியில் இருக்கும், நம் திசைவிக்கு .10. மற்ற முகவரிகளுக்கு வரும் பொதியைக் கொடுக்க, அவர்கள் கருவி ‘.11 யாரிடம்?’ என்று ஏஆர்பி (ஐபி முகவரிக்குரிய வன்பொருள் முகவரியைக் கேட்டறியும் முறை) மூலம் கேட்கும். அந்தச் சர்வர் திசைவிக்குப் பின்னால் இருந்தால் கேள்வி அதை எட்டாது, பதிலும் வராது, தளம் செத்துக் கிடக்கும். அமைப்பு எல்லாம் சரியாகத் தெரிந்தும் வேலை செய்யாத நிலை பெரும்பாலும் இதுதான். சர்வர்களுக்கு உள்முகவரி கொடுத்து, .11 முதல் .14 வரை வேன் முனையில் கூடுதல் முகவரிகளாகச் சேர்த்து, ஒன்றுக்கொன்று முகவரி மாற்றம் வைப்பது எளிய தீர்வு. சர்வரிலேயே பொது முகவரி வேண்டுமென்றால் ப்ராக்ஸி ஏஆர்பி, அதாவது சர்வருக்குப் பதிலாகத் திசைவியே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது.

நிறுவனத்தின் உதவி எண்ணில் தெளிவான பதில் கிடைக்காவிட்டால் வேன் முனையில் டிசிபிடம்ப் (கடந்து போகும் பொதிகளைக் காட்டும் நிரல்) ஓட்டி, கைபேசித் தரவிலிருந்து .12ஐ பிங் (எட்டுகிறதா என்று பார்க்கும் சோதனை) செய்யுங்கள். ஏஆர்பி கேள்வி தெரிந்தால் கம்பியில் போட்ட தொகுதி. பிங் பொதியே நேராக வந்தால் வழிப்படுத்தியது. இரண்டும் வராவிட்டால் குறை பெரும்பாலும் அவர்கள் பக்கம். வேன் முகவரி 100.64 முதல் 100.127க்குள் தொடங்கி, தனித் தொகுதியும் இல்லையென்றால் அது நிறுவனமே பலருக்குப் பகிரும் முகவரி. அதில் சர்வர் நடத்த முடியாது.

வழிப்படுத்திய தொகுதியில் வழக்கமாக நேரும் பிழை, பெட்டியோடு வரும் ‘வெளியே போவதையெல்லாம் மாற்று’ விதியை அப்படியே விட்டுவிடுவது. அஞ்சல் சர்வர் .10இல் இருந்தும் கடிதம் 203.0.113.2 என்ற முகவரியோடு வெளியேறும். தலைகீழ் டிஎன்எஸ் (முகவரியிலிருந்து பெயரைக் காட்டும் பதிவு) பொருந்தாது. எதிர்முனை எரிதம் (ஸ்பாம்) என்று தள்ளும். விதியை அலுவலக உள்வலைக்கு மட்டும் சுருக்குங்கள். தலைகீழ்ப் பதிவை நிறுவனம்தான் இட வேண்டும், அதைத் தனியே கேட்டு வாங்க வேண்டும். இன்னொன்று: சர்வர் பக்கக் கம்பி கழன்றால், தொகுதிக்கு வந்த பொதிகளைத் திசைவி இயல்பு வழியில் நிறுவனத்துக்கே திருப்பும், அவர்கள் மறுபடி இங்கே அனுப்புவார்கள், ஒவ்வொரு தாவலுக்கும் ஒன்றாகக் குறையும் ஆயுள் எண் தீரும்வரை இது நடக்கும். முழு /29க்கும் ஒரு வெற்று வழி (பொதியை எங்கும் அனுப்பாமல் கைவிடச் சொல்வது) எழுதி வைத்தால் சுழற்சி நிற்கும்.

கம்பியில் போட்ட தொகுதியில் பெட்டியை மாற்றினால் சில முகவரிகள் மட்டும் மணிக்கணக்கில் எட்டாமல் போகலாம். எதிர்க் கருவி பழைய பெட்டியின் மேக் (வன்பொருள்) முகவரியை நினைவில் வைத்திருப்பதே காரணம். சிஸ்கோ திசைவிகளில் இயல்பான காலம் 4 மணி நேரம். ஒவ்வொரு முகவரியிலிருந்தும் கேளாமலே ஏஆர்பி அறிவிப்பு அனுப்பினால் பெரும்பாலும் சரியாகும். இல்லையேல் நிறுவனத்தையே அழிக்கச் சொல்லுங்கள்.

முகவரி மாற்றம் இல்லாத இடத்தில் மறைவும் இல்லை. அரணில் சர்வர் பக்கம் போகும் அனைத்தையும் முதலில் மறுத்து, இணையத்தளத்துக்கு 80, 443, அஞ்சலுக்கு 25 என்று தேவையான கதவுகளை (போர்ட்) மட்டும் முகவரி வாரியாகத் திறக்க வேண்டும். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் 22ஆம் கதவு (எஸ்எஸ்ஹெச்) உங்களுக்குத் தெரிந்த முகவரிகளுக்கு மட்டும். திசைவியின் நிர்வாகப் பக்கம் வேன் முனையில் பதில் சொல்லவே கூடாது. பிபிபிஓஇ (பயனர்பெயர், கடவுச்சொல் கொடுத்துத் தொடங்கும்) இணைப்பென்றால் எம்டியூ (பொதியின் உச்ச அளவு) 1492, எம்எஸ்எஸ் (அதனுள் தரவின் உச்ச அளவு) 1452 என்று வையுங்கள். பிங் போகிறது, பக்கம் மட்டும் பாதியில் நிற்கிறது என்ற புகாருக்கு முதலில் பார்க்க வேண்டியது இது.