எல் நினோவை நம்பி வடிகாலை விட்டவர்களுக்கு

இடுக்கி மாவட்டம் வண்டன்மேட்டுப் பக்கம் ஓர் ஏலக்காய்த் தோட்டம். போன வாரம் போயிருந்தேன். ஐப்பசி மழை பெய்து இரண்டு நாளாகியும் தூரைச் சுற்றித் தண்ணீர் நிற்கிறது. ஒரு தண்டை லேசாக இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. அடியில் கிழங்கு பழுப்பேறிக் கூழாகக் கிடந்தது. வடிகாலில் சருகும் மண்ணும் மூடியிருக்க, "ஏண்ணே எடுத்துவிடலை?" என்றேன். "எல் நினோ வருசம்ல தம்பி, மழையே இருக்காதுன்னு வீடியோவுல சொன்னாங்களே." கம்பத்துக்காரர், முப்பது வருடமாக ஏலம் போடுகிறவர். இந்தப் பருவத்தில் இதே பதிலைச் சொன்ன நான்காவது ஆள்!

எல் நினோ என்பது பசிபிக் பெருங்கடலின் நடுவிலும் கிழக்கிலும், பூமத்திய ரேகையை ஒட்டிய நீர் வழக்கத்தைவிடச் சூடாவது. அப்போது தென்மேற்குப் பருவமழை குறைய வாய்ப்பு கூடும். வாய்ப்புதான், தீர்ப்பு இல்லை. 1997இல் வந்தது அந்த நூற்றாண்டின் பெரிய எல் நினோக்களில் ஒன்று. இருந்தும் நாட்டின் தென்மேற்கு மழை சராசரிக்குக் குறையவில்லை. இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பக்கம் சூடாகி, அந்த வருடம் நமக்குக் கைகொடுத்தது.

இதைவிட எரிச்சல் தருவது, இடவப்பாதிக்கு, அதாவது தென்மேற்கு மழைக்குச் சொன்னதை ஐப்பசியில் வரும் வடகிழக்கு மழைக்கும் சேர்த்துக்கொள்வது. எல் நினோ வருடங்களில் வடகிழக்கு மழை தமிழகத்தில் கூடியதுதான் அதிகம். 2015 எல் நினோ வருடம். டிசம்பரில் சென்னை மூழ்கியது. 2023உம் அப்படித்தான். கேரளத்தில் தென்மேற்கு மழை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அந்த வருட டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. இரண்டு மழையும் தொடும் எல்லை மலையில் தோட்டம் வைத்துக்கொண்டு ஒரு மழையின் கணக்கை மட்டும் பார்த்தால் எப்படி? அதிலும் துலாவர்ஷம் (மலையாளத்தில் ஐப்பசி மழை) மதியத்துக்கு மேல் இடியோடு வந்து, ஒரு மணி நேரத்தில் ஊற்றிவிட்டுப் போகிற மழை. வருடக் கணக்கு குறைவாக இருந்தாலும் அந்த ஒரு மணி நேரத் தண்ணீர் வடியாவிட்டால் தூர் போச்சு.

சரி, செய்ய வேண்டியது. மே மாதமே வடிகால் எடுங்கள், ஆவணி கடைசியில் இன்னொரு முறை. நிழல் மரக் கவாத்தும் 1 சதவீத போர்டோ கலவையும் (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சை மருந்து) மழைக்கு முன்னால். அழுகல் வந்தபின் மயில்துத்தம் வாங்க ஓடுவதில் பெரிய பலன் இல்லை. அழுகிய தூரைத் தோண்டித் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோங்கள். ஓடையில் வீசாதீர்கள், கீழ்த்தோட்டத்துக்காரரும் மனிதர்தான். வீடியோவை விட்டுவிட்டு வானிலை ஆய்வு மையத்தின் ஐந்து நாள் முன்னறிவிப்பைப் பாருங்கள்.

எல் நினோ செய்தியால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. அடுத்து வரும் கோடைக்கு அது எச்சரிக்கை. 2024 கோடையில் இடுக்கியில் ஏலம் கருகியதை யாரும் மறந்திருக்க முடியாது. அதனால் எல் நினோ என்று கேள்விப்பட்டால் படுதாக்குளத்தை (படுதா விரித்துத் தண்ணீர் சேமிக்கும் குளம்) சரிபாருங்கள், கிழிசல் இருந்தால் ஒட்டுங்கள், தை பிறந்ததும் தூருக்குச் சருகு மூடாக்குப் போடுங்கள். அண்ணன் வடிகாலை எடுத்துவிட்டிருந்தால், தூரில் நின்ற அந்தத் தண்ணீர் நேரே அவர் குளத்துக்குத்தான் போயிருக்கும். குளம் இன்னும் பாதிகூட நிறையவில்லை.